பக்கத்து வீட்டுக் கூரை

ஜோசஃபினம்மாளின் வீட்டுக் கூரையைப் பிரித்த அன்று டொமினிக் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் கடப்பாரையால் ஓடுகளை நெம்பித் தள்ளும்போதெல்லாம் இந்தப் பக்கம் சுவர் அதிர்ந்தது. உத்திரத்திலிருந்து தூசி உதிர்ந்து தொட்டிலில் கிடந்த குழந்தையின் மேல் விழுந்தது. அவன் மனைவி பியாட்ரிஸ் முந்தானையை விரித்துத் தொட்டிலை மூடியபடி நின்றாள்.

"ஆளுங்களைத்தான் வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்களே, வீடு என்னா பாவம் பண்ணிச்சு?" என்றாள்.

டொமினிக் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தான்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. பெங்களூரில் பிளேக் புகுந்திருந்தது. போக்கிடம் உள்ளவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவர்கள் காலையில் எழுந்ததும் தங்கள் கழுத்தையும் அக்குளையும் கட்டி உண்டா என்று தடவிப் பார்த்துக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களின் கழுத்தையும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். நோய் கண்டதென்று தெரிந்தால் நோயாளியையும் வீட்டில் உள்ளவர்களையும் ஊருக்கு வெளியே போட்டிருந்த குடிசைகளுக்குக் கொண்டுபோவார்கள். படுக்கை, பாய் எல்லாவற்றையும் கொளுத்துவார்கள். வீட்டுக்குள் வெயில் விழவேண்டும் என்று ஓடுகளைப் பிரித்துப் போடுவார்கள். பிறகு சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள்.

டொமினிக் ஒரு மரக்கிடங்கில் குமாஸ்தா. அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், கிறிஸ்தவர்கள் அதிகம் குடியிருந்த அந்தச் சந்தில் அவனுக்கு நல்ல பெயர். இங்கிலீஷில் விண்ணப்பம் எழுத வேண்டியவர்கள் அவனைத்தான் தேடி வருவார்கள். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் படிப்பவனும் அவன்தான். பக்கத்து வீட்டு ஜோசஃபினம்மாள் அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள், விதவை. வெள்ளைக்காரத் துரைசானிகளுக்குக் கவுன் தைத்துக் கொடுத்து மகள் நோராவை வளர்த்தாள். டொமினிக்கைத் தம்பி என்றும் நீ என்றும்தான் கூப்பிடுவாள். பியாட்ரிஸுக்குப் பிரசவ வலி கண்டபோது மருத்துவச்சி வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

அப்படிப்பட்ட வீட்டில் நோராவுக்குக் காய்ச்சல் வந்தது. பத்தொன்பது வயதுப் பெண், சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்து முனகிக்கொண்டே இருந்தாள். ஜோசஃபினம்மாள் வெளியே வரவில்லை. ஜன்னலையும் திறக்கவில்லை.

"போய் என்னா ஏதுன்னு கேட்டுட்டு வாங்க. பொம்பளைங்க ரெண்டு பேரு தனியா இருக்காங்க" என்று பியாட்ரிஸ் சொன்னாள்.

டொமினிக் போனான். கதவுக்கு முன்னால் நின்று கையையும் தூக்கிவிட்டான். அப்போது உள்ளேயிருந்து, "கழுத்து வலிக்குதும்மா, கழுத்தைத் தொடாதே" என்று நோராவின் குரல் கேட்டது. தூக்கிய கையை இறக்கிக்கொண்டான். கதவிடுக்கு வழியாக வரும் காற்றுகூட மேலே படக்கூடாது என்று இரண்டடி பின்னால் நகர்ந்தான். தொட்டிலில் கிடந்த தன் பிள்ளைதான் கண்முன் நின்றது. அங்கிருந்து நேராக மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்த பிளேக் அதிகாரியிடம் நடந்தான். தேசிகன் என்று பெயர். சந்தின் பெயரையும் வீட்டின் அடையாளத்தையும் வாய்மொழியாகச் சொன்னான். கழுத்தில் கட்டி என்றும் சொன்னான். அதை அவன் கண்ணால் பார்க்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் பியாட்ரிஸிடம், "தட்டிப் பார்த்தேன். யாரும் திறக்கலை" என்றான்.

மறுநாள் காலையில் வண்டி வந்தது. சுண்ணாம்பு வாளிகளோடு கூலியாட்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவன் யூஜின். அதே சந்தின் கோடியில் தாயோடு குடியிருப்பவன், வேறு வேலை கிடைக்காமல் அந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இளைஞன். எந்த வீட்டுக்குப் போகிறோம் என்பது அவனுக்கே சந்துக்குள் நுழைந்த பிறகுதான் தெரியும்.

"பல்லு வலிங்க! வெறும் பல்லு வலிங்க! வாயைத் தொறந்து பாருங்கய்யா!" என்று ஜோசஃபினம்மாள் கத்தியது சந்து முழுவதும் கேட்டது. கேட்டவர்கள் எல்லாரும் ஜன்னலை மூடிக்கொண்டார்கள். நோய் வந்த எந்த வீட்டில்தான் அது நோய் என்று ஒத்துக்கொண்டார்கள்? மகளை வண்டியில் தூக்கிப் போட்டபோது ஜோசஃபினம்மாள் திரும்பிப் பார்த்தாள். தெரிந்த முகம் ஒன்று கண்ணில் பட்டது.

"யூஜின்! நீயாடா? நீயாடா சொல்லிக் கொடுத்தே?"

யூஜின் வாளியோடு அப்படியே நின்றான். வாயில் வார்த்தை வரவில்லை. வராததே போதுமானதாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் காட்டிக்கொடுத்தவன் யூஜின்தான் என்று சந்து முடிவு கட்டிவிட்டது. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து டொமினிக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆள் இல்லாத வீட்டில் அந்த வருஷத்து மழையெல்லாம் விழுந்தது. ஒவ்வொரு மழைக்கும் பொதுச் சுவர் ஈரம் குடித்து, டொமினிக் வீட்டுப் பக்கமும் கறுத்தது. அந்தக் கறையைப் பார்க்காமல் இருக்க அவன் உட்காரும் இடத்தை மாற்றிக்கொண்டான். உயிர்தானே முக்கியம், நான் சொன்னதால் சந்து பிழைத்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். கொஞ்ச நாள் அந்தச் சமாதானம் தாங்கியது. பிறகு செய்தி வந்தது. நோராவுக்குப் பிளேக் இல்லையாம். கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டித் தாடை வீங்கியிருந்ததாம். டாக்டர் ஒருவர் கீறிவிட்டுப் பல்லைப் பிடுங்கியதும் காய்ச்சல் இறங்கிவிட்டதாம். ஆனால் நோயாளிகளுக்கு நடுவே இருந்துவிட்டதால் கெடு முடியும்வரை அவர்களை வெளியே விடமாட்டார்களாம்.

"நல்லவேளை! மாதா காப்பாத்தினாங்க" என்று பியாட்ரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டொமினிக்கும் சிலுவை போட்டுக்கொண்டான்.

தாயும் மகளும் திரும்பியபோது வீட்டில் தரையெல்லாம் புல் முளைத்திருந்தது. மண் சுவர்களின் தலை கரைந்து சரிந்திருந்தது. கூரையில் மிச்சமிருந்த மரங்கள் ஊறி உளுத்துப் போயிருந்தன. தையல் மிஷின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஜோசஃபினம்மாள் அதன் சக்கரத்தை ஒருமுறை சுற்றப் பார்த்தாள், முடியவில்லை, விட்டுவிட்டாள். சாமியார் கோயிலை ஒட்டிய ஒரு அறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்.

அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்ட சந்து இப்போது வெட்கப்பட்டது. ஆளுக்கொரு கை கொடுத்துப் புதுக் கூரை போட்டுத் தருவது என்று கோயில் வாசலில் பேசி முடிவு செய்தார்கள். முன்னால் வந்து நின்றவன் டொமினிக். கிடங்கு முதலாளியிடம் கெஞ்சி மத்தி மரம் வாங்கி வந்தான். பழைய நாட்டு ஓடு வேண்டாம், மங்களூர் ஓடே போடலாம் என்று சொன்னவனும் அவன்தான். எல்லாரும் அவனைப் புகழ்ந்தார்கள்.

முதலில் இடிபாட்டை அள்ளும் வேலை நடந்தது. உடைந்த ஓடும் உளுத்த மரமும் கூடை கூடையாக வெளியே போயின. டொமினிக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் கூடை தூக்கினான். ஜோசஃபினம்மாள் ஓடிவந்து தடுத்தாள்.

"தம்பி, நீ எதுக்கு இதெல்லாம் தூக்கறே? ஆபீஸ் போற கை இது."

"இருக்கட்டும் அக்கா."

"கூடப் பொறந்தவன் இருந்தாக்கூட இவ்வளவு பண்ணமாட்டான்" என்று அவள் அங்கிருந்தவர்களிடம் சொன்னாள். டொமினிக் குனிந்து கூடையை நிரப்பிக்கொண்டே இருந்தான். அவன் அடக்கமானவன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கரைந்த சுவர்த்தலையைச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். வேலையைப் பார்த்த மேஸ்திரி கன்னடக்காரர். பொதுச் சுவருக்கு வந்ததும் நின்று யோசித்தார். "இங்கேதான் கஷ்டம் ஸ்வாமி. அந்தம்மா கூரை புதுசு, உங்க கூரை பழசு. சேர்ற இடத்துல சரியா அடைக்காட்டி ரெண்டு வீட்லேயும் ஒழுகும்" என்றார். அடைக்கலாம் என்றான் டொமினிக்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் அவன் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனான். சில்லறைப் பாவங்களையெல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் இதையும் சொன்னான். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கோயில் சாமியார். பிரெஞ்சுக்காரர், தமிழை நிதானமாகப் பேசுவார்.

"பயந்து சொன்னது ஒன்று. அந்தப் பையன் மேல் பழி விழுந்ததும் வாயை மூடிக்கொண்டது இன்னொன்று. அவன் பெயரை அவனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், டொமினிக். அதற்கு மனசு உண்டா?"

"உண்டு சாமி. ஆனா இப்போ சொன்னா அந்தம்மா நான் கொண்டுவந்த மரத்தைத் தொடமாட்டாங்க. வேலை நின்னுபோகும். கூரை முடியட்டும், சொல்லிடறேன்."

"கூரைக்காகவா சொல்லாமல் இருக்கிறாய்?" என்று சாமியார் கேட்டார்.

டொமினிக் எழுந்து வந்துவிட்டான். பாவமன்னிப்பு இல்லாமல் வந்தவன் கிறிஸ்மஸ் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. வரிசை நகர்ந்தபோது பியாட்ரிஸ் திரும்பிப் பார்த்தாள். தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக் காட்டினான்.

கூரை உச்சிக்கான மோட்டுவளை ஏறியது. அன்றைக்குச் சொல்லிவிடுவதாக இருந்தான். ஆனால் அந்தப் பெரிய மரத்தைக் கயிறு கட்டி மேலே ஏற்றி உட்காரவைத்ததும் எல்லாரும் சந்தோஷமாகக் கைதட்டினார்கள். நல்ல வேளையில் இதைப் போய்ச் சொல்வானேன் என்று தோன்றியது. சரிவில் வரும் கைமரங்கள் பொருந்தட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அவை பொருந்தியபின், ஓடு தாங்கும் ரீப்பர்ச் சட்டங்களை அடித்துவிட்டால் பிறகு வேலையை நிறுத்தமாட்டார்கள் என்றான். ரீப்பரும் அடித்தாயிற்று. வெறும் சட்டங்களின் வழியாக வெயில் கட்டம் கட்டமாகத் தரையில் விழுந்தது. நோரா அதற்குள் நின்று அண்ணாந்து பார்த்தாள். தாடைக்குக் கீழே கீறிய வடு சிவப்பாகத் தெரிந்தது. அவளைப் பார்த்துவிட்டு அவன் அன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்தான்.

ஓடு ஏற்றும் நாள் வந்தது. வண்டியிலிருந்து ஏணிவரை ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று கைக்குக் கை ஓட்டைக் கொடுத்தார்கள். டொமினிக் ஏணியின் மேல் நின்று வாங்கி மேஸ்திரியிடம் நீட்டினான். வேலை சுறுசுறுப்பாக நடந்துகொண்டிருந்தபோது வரிசையின் கடைசியில் யாரோ வந்து நின்றார்கள். ஓடு வருவது சட்டென்று நின்றுபோனது.

யூஜின். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கையில் ஒரு ஓட்டோடு நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். சந்தில் யாரும் அவனோடு பேசுவதில்லை. கிணற்றடிக்கு அவன் தாய் போனால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். 'காட்டிக்கொடுத்தவனைப் பெத்தவ' என்று காதுபடவே சொன்னார்கள். அதனால் அவள் விடியுமுன்னே ஏரிக்கரை வரை போய்த் தண்ணீர் சுமந்து வந்தாள்.

ஜோசஃபினம்மாள் வரிசையைத் தாண்டி வந்தாள்.

"கீழே வை அதை."

"அம்மா, நான் சொல்லலைம்மா. சத்தியமா நான் சொல்லலை."

"உன் கை பட்ட ஓடு என் தலைமேல வேணாம். போயிடு."

யூஜின் அவளைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான், யாராவது ஒருத்தர் தனக்காக ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்பதுபோல. கடைசியில் ஏணியின் மேல் இருந்த முகத்துக்கு அவன் பார்வை வந்தது. டொமினிக்கின் கையில் ஒரு ஓடு இருந்தது. அவன் அதைத் திரும்பி மேஸ்திரியிடம் கொடுத்தான்.

யூஜின் ஓட்டைப் பதனமாகத் தரையில் வைத்துவிட்டுப் போனான். வரிசை மறுபடி நகர ஆரம்பித்தது. டொமினிக் அடுத்து வந்த ஓட்டை வாங்கித் தலைகீழாக நீட்டினான். "கொஞ்சம் கீழே இறங்கி உட்காருங்க ஸ்வாமி" என்றார் மேஸ்திரி. அவன் இறங்கவில்லை.

அன்று சாப்பாடு அவனுக்கு உள்ளே இறங்கவில்லை. பியாட்ரிஸ் கேட்டாள்: "உடம்பு சரியில்லையா? இல்லே அந்தப் பையனை நினைச்சா? எனக்கும் பாவமாத்தான் இருந்திச்சு. ஆனா அவன் பண்ணது சாதாரண காரியமா?" டொமினிக் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

மிச்சம் இருந்தது மோட்டு ஓடுகள்தான். சரிவு இரண்டும் சேரும் உச்சியில் வரிசையாகக் கவிழ்த்துச் சுண்ணாம்புக் காரை வைத்துப் பூசவேண்டும். அன்றைக்குக் கடைசி வேலை என்று சந்தில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பொதுச் சுவர்ப் பக்கத்துக் கடைசி ஓட்டை நீயே வை தம்பி என்று ஜோசஃபினம்மாள் பிடிவாதமாகச் சொன்னாள். டொமினிக் மேலே ஏறி மோட்டின் மேல் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தான். கால்கள் இரண்டும் அவள் கூரையில், ஊன்றிய கை தன் கூரையில். இதை வைத்துவிட்டு இறங்கியதும் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று நிச்சயமாக இருந்தான். அதற்கான வார்த்தைகளைக்கூடத் தயார் பண்ணியிருந்தான். இந்தத் தடவை உண்மையாகவே சொல்லியிருப்பானோ என்னவோ, அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கவில்லை.

பிரித்த வீட்டில் மறுபடி குடிபோகுமுன் பிளேக் அதிகாரி ஒருதரம் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று ஏற்பாடு. அதற்காகத் தேசிகன் வந்தார். உள்ளே நுழைந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். வெளிச்சத்துக்காகக் கூரையில் வைத்திருந்த கண்ணாடி ஓட்டைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். நல்ல மனுஷர். வெளியே வந்து கண்ணுக்கு மேல் கையை வைத்து மோட்டைப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"அடடே, நீரா! பேஷ், பேஷ்! கையாலேயே வேலை செய்யறீரா?"

டொமினிக் கேட்காதவன் போலக் கடைசி ஓட்டைக் கவிழ்த்து அழுத்திவிட்டுக் காரையைக் குழைத்தான்.

"என்ன ஓய், என்னைத் தெரியலையா? அன்னிக்குக் கூடாரத்துக்கு வந்து இந்த வீட்டைப் பத்திச் சொன்னவர் நீர்தானே?" அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "ஊர்ல எல்லாரும் மூடி மூடி வைக்கறா. இவர் ஒருத்தர்தான் தானா வந்து சொன்னார். நோய் இல்லைன்னு ஆனது பகவான் செயல். ஆனா இவர் மாதிரி நாலு பேர் இருந்தா இந்த ஊருக்கு இவ்வளவு கஷ்டம் வருமா?"

யாரோ கையிலிருந்த காரைச் சட்டியைக் கீழே வைத்தார்கள். தேசிகன் ஒன்றும் புரியாமல் எல்லாரையும் பார்த்தார். தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். "சரி, நான் வரேன்" என்று வேகமாகக் கிளம்பிவிட்டார்.

டொமினிக் மோட்டின் மேல் உட்கார்ந்திருந்தான். ஒளிந்துகொள்ள அங்கே ஒரு இடமும் இல்லை. சந்திலிருந்த அத்தனை முகங்களும் கீழேயிருந்து அவனையே பார்த்தன. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பியாட்ரிஸும் பார்த்தாள். கையிலிருந்த காரை வழிந்து புது ஓட்டின் மேல் சொட்டியது. அதைத் துடைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

ஜோசஃபினம்மாள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா இறங்குங்க" என்றாள். "படி ஈரமா இருக்குது."

அந்த 'இறங்குங்க' அவனை அடித்ததைப் போல வேறெதுவும் அடித்திருக்காது. அவ்வளவு வருஷத்தில் அவள் அவனை நீங்க என்று சொன்னதே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. அவன் இறங்கும்வரை அவள் ஏணியை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். தரையில் கால் பட்டதும் விட்டாள்.

"அக்கா..."

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். கதவைத் தட்டி என்னா உடம்புக்குன்னு கேட்டிருந்தா என் பொண்ணு வாயைத் தொறந்து காட்டியிருப்பாளே. கேக்கறதுக்கு என்னா?"

"தட்டினாரே" என்று பியாட்ரிஸ் அவசரமாகச் சொன்னாள். "நான்தான் அனுப்பினேன் அக்கா. தட்டினாராம், நீங்க திறக்கலியாம்." சொல்லிக்கொண்டே கணவன் முகத்தைப் பார்த்தவள் நிறுத்திவிட்டாள். அவள் குரல் இறங்கியது. "தட்டலியா?"

டொமினிக் தலையைக் குனிந்தான். பியாட்ரிஸ் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அன்று மாலையே ஜோசஃபினம்மாள் சந்தின் கோடிக்கு நடந்து போனாள். யூஜினின் தாயிடம் என்ன சொன்னாள், அவள் என்ன சொன்னாள் என்பது யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் யூஜின் காரைச் சட்டியோடு கூரைமேல் ஏறினான். டொமினிக் வைத்த கடைசி ஓட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துப் பூசினான். பொதுச் சுவரில் கூரைகள் சேரும் இடத்தை அடைக்க, டொமினிக் வீட்டு ஓடுகள் மேலும் கால்வைத்துதான் வேலை செய்ய வேண்டியிருந்தது. தலைக்குமேலே அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு டொமினிக் வேலைக்கும் போகாமல் உள்ளே உட்கார்ந்திருந்தான். வேலை முடிந்து யூஜின் இறங்கியதும் எழுந்து வெளியே போனான்.

"யூஜின், என்னை மன்னிச்சிடுப்பா. என்னா செஞ்சா உனக்கு..."

யூஜின் கை கழுவிக்கொண்டே கேட்டான். "ஏணி மேல நின்னுட்டு என்னைப் பார்த்தீங்களே அண்ணே, அப்போ என்னா நினைச்சீங்க?"

டொமினிக் சுவரில் சாய்த்திருந்த ஏணியைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம். என் வீட்டுக்கும் வரவேணாம். நேத்து வேலை பார்க்க வந்தவங்களுக்குத்தான் விஷயம் தெரியும். கிணத்தடிக்கு வர்ற எல்லாப் பொம்பளைங்களுக்கும் தெரியாது. இன்னும் எங்கம்மா ஏரிக்குத்தான் போய்ட்டு வருது. அங்க போய்ச் சொல்லுங்க. மத்தவங்க சொல்லித் தெரியறது வேற. நீங்க உங்க வாயால சொல்லுங்க."

"சொல்றேன்" என்றான் டொமினிக்.

சாமியார் வந்து புது வீட்டைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பியாட்ரிஸ் குழந்தையோடு போய்விட்டு வந்தாள். டொமினிக்கை வா என்றும் யாரும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவன் வீட்டிலேயே இருந்தான். கூட்டம் கலைந்த பிறகு நோரா வந்து வாசலில் நின்றாள்.

"மாமா, உங்களை ஒண்ணு கேக்கலாமா?"

அவன் எழுந்து நின்றான்.

"நான் ரொம்பக் கத்திட்டேனா? கேம்புல இருந்தப்போ எல்லாம் அதையேதான் நினைச்சுட்டிருந்தேன். கொஞ்சம் பொறுத்துக்கிட்டு வாயை மூடிட்டு இருந்திருந்தா யாருக்கும் கேட்டிருக்காது. அம்மாவுக்கு வீடும் போயிருக்காது, மிஷினும் போயிருக்காது."

தான் சுமக்க வேண்டிய வெட்கத்தில் ஒரு பங்கை இந்தப் பெண் இத்தனை நாளும் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள் என்பது டொமினிக்குக்கு அப்போதுதான் தெரிந்தது.

"உன் மேல ஒரு தப்பும் இல்லைம்மா" என்றான். "வலிச்சா கத்தத்தான் செய்வாங்க. பயந்துபோய் ஓடினது நான். நான்தான்."

"அது தெரியும்" என்றாள் நோரா, கோபமில்லாமல். "இருந்தாலும் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னு இருந்திச்சு." அவள் திரும்பிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்பே டொமினிக் கிணற்றடிக்குப் போனான். தண்ணீர் இறைக்கும் இடத்தில் ஆண்பிள்ளை, அதுவும் கோட்டுப் போட்ட குமாஸ்தா வந்து நின்றதும் பெண்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு வியப்பாகப் பார்த்தார்கள். அவன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, வாசகம் படிக்கும் பழக்கத்தில் குரலை உயர்த்த நினைத்தான். குரல் எழும்பவில்லை.

"ஜோசஃபினம்மா வீட்டைப் பத்தி பிளேக் ஆபீசில சொன்னது யூஜின் இல்லைங்க. நான்தான். பழி அவன்மேல விழுந்ததும் பேசாம இருந்ததும் நான்தான்."

ஒருத்தி கயிற்றை இழுப்பதை நிறுத்தினாள். ஒருத்தி "சீ" என்றாள். மற்றவர்கள் ஒன்றும் சொல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் போனதும் வேறு சிலர் வந்தார்கள். அவர்களிடமும் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு வந்தவர்களிடமும் சொன்னான். திரும்பத் திரும்பச் சொல்வதால் எளிதாகிவிடும் என்று நினைத்திருந்தான், ஆகவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த 'நான்தான்' என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கோயில் மணி அடித்தது. வாசகம் படிக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி முன்னமே சொல்லியனுப்பியிருந்தான்.

வெயில் ஏறிய பிறகு யூஜினின் தாய் வந்தாள். சந்தின் கோடியில் சற்று நின்று தயங்கிவிட்டு, பிறகு நேராக நடந்து வந்தாள். கிணற்றைச் சுற்றி நின்ற பெண்கள் ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டார்கள். ஒருத்தி தன் வாளியையும் கயிற்றையும் அவள் பக்கம் நகர்த்தினாள். அவள் தண்ணீர் இறைத்துக் குடத்தை நிரப்பினாள். தூக்கிவிடலாம் என்று டொமினிக் குனிந்து குடத்தின் விளிம்பில் கை வைத்தான்.

"விடுங்க" என்றாள் அவள்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். அவள் குடத்தைத் தானே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் சந்தின் நடுவாக நடந்து போனாள். எதிரே இன்னும் இரண்டு பேர் குடத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். டொமினிக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அவர்களிடம் சொல்வதற்காகக் காத்து நின்றான்.